விருந்தாளி நாலு பேர்

அந்தக் கட்டடத்தில் டப்பாக்காவைத் தெரியாதவர் கிடையாது. பிஸ்கட் தீர்ந்த டப்பா, வெண்ணெய் தீர்ந்த டப்பா, ஐஸ்கிரீம் தீர்ந்த டப்பா, எதுவும் அவள் கையிலிருந்து குப்பைக்குப் போனதாகச் சரித்திரம் இல்லை. கழுவித் துடைத்து மூடியோடு சேர்த்து அடுக்கிவிடுவாள். மூடி தொலைந்த டப்பா ஒன்றுக்கு, பெண்ணுக்கு வரன் தேடுகிற மாதிரி, மாடி மாடியாக ஏறி இறங்கி மூடி கண்டுபிடித்தவள் என்று அவளைப் பற்றி ஒரு கதை உண்டு. கதை என்ன கதை, நிஜமே அதுதான்.

சிக்கனம் என்று சொல்லுங்கள், சிரிப்பாள். கஞ்சம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டாலோ போச்சு! "கஞ்சன் தானும் தின்ன மாட்டான், அடுத்தவனுக்கும் கொடுக்க மாட்டான். என் வீட்டுக்கு வந்து யாராவது பசியோட திரும்பிப் போயிருக்காங்களா? சொல்லு பார்ப்போம்!" என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டு நிற்பாள். சொன்னவர் வாயை மூடிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பள்ளிக்கூடத்துக்குக் குளிர்கால லீவு விட்டால் அவள் குடும்பம் அப்படியே சமையலறைக்குக் குடிமாறிவிடும். அடுப்பு எரிகிற அறை ஒன்று சும்மாவே கதகதவென்று இருக்கும்போது ஹாலையும் படுக்கையறையையும் ஹீட்டர் போட்டுச் சூடாக்குவானேன்? கதவைச் சாத்து, ஜோடி தொலைந்த சாக்ஸைச் சுருட்டி ஜன்னல் இடுக்கில் அடை, தீர்ந்தது வேலை. உட்காருவதற்கு ஒரு பஸ் சீட் இருந்தது. நிஜமான பஸ் சீட்தான். அவள் வீட்டுக்காரர் சிட்டி பஸ் டிரைவர். டிப்போவில் கழித்துப் போட்ட இரட்டை சீட்டைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, கால் வைத்து, சுவரோரம் போட்டுவிட்டார். அவர்கள் மகள் வாயாடி (பள்ளிக்கூடத்தில் வேறு பெயர், வீட்டில் இதுதான், பொருத்தமான பெயரும் இதுதான்) ஜன்னலே இல்லாத அந்தச் சுவர்ப் பக்கத்துக்கு 'ஜன்னல் சீட்' என்று பெயர் வைத்து, அப்பாவோடு தினமும் சண்டை போட்டு அதைப் பிடித்துக்கொள்வாள்.

அந்தச் சமையலறையில் சில வார்த்தைகளுக்குத் தடை. 'மிச்சம்' சொல்லக் கூடாது. 'பழசு' சொல்லவே கூடாது. வாயாடி மழலை பேசுகிற வயதில் டிப்போ மேனேஜர் ஒருநாள் வீட்டுக்கு வந்திருந்தார். டப்பாக்கா சூப்பைக் கொண்டுவந்து வைத்தாள். டிரைவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "அட, முந்தாநாள் மிச்சமா இது? நல்லாத்தான் இருக்கு!" என்று ஊருக்கே கேட்கிற மாதிரி பாராட்டினார். மேனேஜர் கரண்டியைக் கீழே வைத்தார். டப்பாக்காவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாமா என்று இருந்தது.

மேனேஜர் போனதும் வீட்டில் ரகளை. கடைசியில் டிரைவரே சமாதானத்துக்கு வந்தார். "சரி விடு. விருந்தும் மருந்தும் மூணு நாள்னு சொல்லுவாங்கல்ல? உன் டப்பாவுக்கும் மூணு நாள்தானே கணக்கு? இனிமே அதை விருந்தாளின்னே சொல்லிக்குவோம். வெளியாள் காதுல விழுந்தாக்கூட கௌரவமா இருக்கும்!"

அன்றிலிருந்து ஃப்ரிட்ஜில் இருந்ததெல்லாம் விருந்தாளிதான். ரெண்டு டப்பா என்று எண்ணுவதில்லை, ரெண்டு பேர் என்று எண்ணுவார்கள். "விருந்தாளி யாராவது இருக்காங்களா?" என்று டிரைவர் வாசலில் ஷூவைக் கழற்றும்போதே கேட்பார். "ஒருத்தர் இருக்கார், நாளைக்குத் தாங்க மாட்டார்" என்று உள்ளே இருந்து பதில் வரும்.

டப்பாக்காவின் தங்கைக்கு மட்டும் இந்தப் பாஷை தெரியாது. தெரிகிற அளவுக்கு அவள் இங்கே தங்கினால்தானே!

தங்கை என்று அவளுக்கு இருந்தது ஒரே ஒருத்தி. அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போன பிறகு, இவள்தான் அவளுக்குத் தலை பின்னிவிட்டு, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணமும் பண்ணிவைத்தாள். ஆறு குளிர்காலத்துக்கு முன்னால், கல்யாணமான புதிதில், புருஷன் பயிற்சிக்கு வெளியூர் போயிருந்ததால் லீவு முழுக்க அக்காவோடு இருப்பதற்கென்று பெட்டியும் கையுமாக வந்தாள். நாலாம் நாள் காலையில் அதே பெட்டியும் கையுமாகக் கிளம்பிவிட்டாள். "அவருக்கு உடம்பு சரியில்லையாம்க்கா" என்றாள். முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். அதற்கப்புறம் இந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவே இல்லை. ஒவ்வொரு லீவுக்கும் டப்பாக்கா போன் பண்ணுவாள். "பார்க்கலாம்க்கா" என்று ஒரு வார்த்தை வரும். ஒரு பையன் பிறந்தான், பிறகு ஒரு பெண் பிறந்தது. எல்லாம் போட்டோவில் பார்த்ததுதான்.

ஏன் போனாள்? டப்பாக்காவுக்குத் தெரியும். தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் தங்கை குளித்துக்கொண்டிருந்தாள். பாட்டு வேறு. வெந்நீர் கொட்டுகிறது, கொட்டுகிறது, கொட்டிக்கொண்டே இருக்கிறது. இவளுக்குப் பொறுக்கவில்லை. கதவைத் தட்டி, "போதும்டி! மீதி வெந்நீர் பாத்திரம் கழுவ வேணும்!" என்று கத்திவிட்டாள். புதுசாகக் கல்யாணமான பெண்ணை, வந்த இடத்தில், வெந்நீருக்குக் கணக்குப் பார்த்துக் கத்தினால் ரோஷம் வராதா? கூடப்பிறந்தவளை ஒரு பக்கெட் வெந்நீருக்குத் தொலைத்துவிட்டேனே என்று ஒவ்வொரு தடவை குளிக்கும்போதும் தன்னையே திட்டிக்கொள்வாள். டிரைவரிடம்கூடச் சொன்னதில்லை. பார்க்காத பிள்ளைகளுக்காக, அவருடைய பழைய ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலில் ஒரு சின்ன ஸ்வெட்டரும் ஒரு குல்லாவும் பின்னி, அதையும் ஒரு டப்பாவில்தான் போட்டு வைத்திருந்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் அந்த லீவில் ஒருநாள் டிரைவரிடமிருந்து போனில் ஒரு குரல் பதிவு வந்தது. பின்னால் பஸ் இன்ஜின் இரைகிறது, எவனோ ஹாரன் அடிக்கிறான், நடுவில் இவர் கத்துகிறார்: "சாயங்காலம் விருந்தாளி நாலு பேர்! நல்லா கவனிச்சுக்க! வண்டி எடுக்கணும், வைக்கிறேன்!"

டப்பாக்கா ஃப்ரிட்ஜைத் திறந்தாள். மசித்த உருளைக்கிழங்கு ஒருத்தர். வேகவைத்த பீன்ஸ் ஒருத்தர். சுட்ட பூசணி ஒருத்தர். சோறு ஒருத்தர். ஆக நாலு பேர்!

"பார்த்தியாடி உங்கப்பாவை! வேலைக்குப் போற அவசரத்துலயும் ஃப்ரிட்ஜைத் திறந்து எண்ணிட்டுப் போயிருக்கார்" என்று மகளிடம் பூரித்துப்போனாள்.

"அப்பாவா?" வாயாடி ஜன்னல் சீட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அப்பாவுக்கு ஃப்ரிட்ஜ்ல லைட் எரியும்கிறதே தெரியாதேம்மா."

மகள் சொன்னது அப்போது அவளுக்கு உறைக்கவில்லை. நாலு பேரையும் ஒரே நாளில் தீர்த்துவிட வேண்டும் என்றால் ஒரே வழிதான். பெரிய சட்டியை வைத்தாள். காய்த்தோலையெல்லாம் சேர்த்து வேகவைத்து வடிகட்டிய தண்ணீர் எப்போதும் ஒரு பாட்டிலில் இருக்கும், அதைக் கொஞ்சம் ஊற்றினாள். நாலு டப்பாவையும் கவிழ்த்தாள். உருளைக்கிழங்கு, பீன்ஸ், பூசணி, சோறு எல்லாம் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரே கூழாய்க் கொதிக்க ஆரம்பித்தது. நிறம் என்னவோ சுமார்தான். நாம் மூணு பேர்தானே, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் ஆச்சு.

அப்போது போன் அடித்தது.

"ஏறிட்டாங்க!" என்று டிரைவர் கத்தினார்.

"யாரு? எங்க ஏறிட்டாங்க?"

"என் பஸ்லதான்! ரயில்வே ஸ்டேஷன் ஸ்டாப்புல நிக்கிறேன். கடைசி சீட்டுல உக்கார வச்சிருக்கேன். ஊரைச் சுத்திட்டு டிப்போவுல வண்டியை விட்டுட்டுக் கையோட கூட்டிட்டு வந்துடறேன். ஒரு மணி நேரம் ஆகும். சமையல் எல்லாம் ஆச்சா?"

"யாரைங்க கூட்டிட்டு வரீங்க?"

"சொன்னேனே! விருந்தாளி நாலு பேர்னு!"

"அது... ஃப்ரிட்ஜுல இருக்கிறவங்க இல்லையா?"

அந்தப் பக்கம் இன்ஜின் மட்டும் இரைந்தது. அப்புறம் டிரைவர் மெதுவாக, மிக மெதுவாகச் சொன்னார்: "அடிப்பாவி. உன் தங்கச்சி வர்றா. சகலையும் ரெண்டு பிள்ளைங்களும்."

டப்பாக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பேரைச் சொல்றதுக்கு என்ன?" என்று கேட்டாள்.

"எப்படிச் சொல்லுவேன்? இந்த ஊர் வழியா போறாங்க, ராத்திரி ஸ்டேஷன் பக்கத்துல ரூம் போட்டுத் தங்கிட்டுக் காலையில ரயில். ஒரு வேளை சாப்பாட்டுக்காவது கூட்டிட்டு வரேன்னு சகலைதான் போன் பண்ணாரு. ஆனா அவ மனசு எந்த நிமிஷம் மாறும்னு அவருக்கே தெரியல. உனக்கு ஆசை காட்டி ஏமாத்தக் கூடாதுன்னுதான்... சரி சரி, ஜனங்க கத்துறாங்க, வைக்கிறேன். சாப்பிட்டதும் கிளம்பிடுவேன்னு கண்டிஷனாச் சொல்லியிருக்கா. ஜமாய்ச்சுடு!"

ஜமாய்ப்பதாவது! அடுப்பில் நாலு விருந்தாளியும் ஒரே சட்டியில் குழைந்துகொண்டிருக்கிறார்கள். லீவு நாள் என்று தெருமுனைக் கடை மத்தியானமே ஷட்டரை இறக்கிவிட்டது. வீட்டில் சமைக்காமல் இருப்பது வெங்காயமும் சுருங்கிப்போன ஆப்பிளும்தான். ஆறு வருஷம் கழித்துத் தங்கை வருகிறாள். வந்து என்னத்தைப் பார்ப்பாள்? அன்றைக்கு வெந்நீருக்குக் கணக்குப் பார்த்த அக்கா இன்றைக்கு மிஞ்சினதைக் கொதிக்கவைத்துப் போடுகிறாள் என்றுதானே நினைப்பாள்? இருக்கிறது ஒரே ஒரு வேளை. இதில் கோட்டைவிட்டால் அவள் இனி எந்த ஜென்மத்தில் இந்தப் படி ஏறப்போகிறாள்!

ஆனால் பாருங்கள், சந்தோஷம் என்று ஒன்று இருக்கிறதே, அது பயத்தைத் தள்ளிவிட்டு முன்னால் வந்து நின்றது. "வர்றாடி! வர்றாடி உன் சித்தி!" என்று மகளை இழுத்து ஒரு சுற்று சுற்றினாள். சுற்றிய வேகத்தில் மூடி அடுக்கு சரிந்து கலகலவென்று கொட்டியது. அதோடு புத்தி திரும்பிவிட்டது.

"ஓடு! கீழ் வீட்டுத் தையக்காரம்மாகிட்ட முட்டையும் பாலும் கேட்டு வாங்கிட்டு வா. நாளைக்கே திருப்பித் தரேன்னு சொல்லு!"

வாயாடி படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி ஓடினாள். டப்பாக்கா அடுப்பை அணைத்து, சட்டியை இறக்கி, பெரிய கண் சல்லடையில் கூழை ஊற்றினாள். நீர்த்தது கீழே இறங்கியது, கெட்டியானது மேலே நின்றது. அட, இதுதானே வேணும்! கீழே இறங்கியதில் இன்னும் காய்த்தண்ணீர் சேர்த்து, வெங்காயத்தைப் பொன்னாக வதக்கிப் போட்டு, மிளகு இடித்துத் தூவினாள். பூசணியின் மஞ்சள் மேலே மிதந்து, இத்தனை நேரம் அழுதுவடிந்த கூழ் இப்போது சூப்பாய் மினுமினுத்தது. மேலே நின்ற கெட்டியை அவள் கையில் எடுத்தால் நழுவியது. விடுவாளா? ஃப்ரீசரில் ஒரு டப்பா நிறைய ரொட்டி ஓரம் இருந்தது. ஒவ்வொரு ரொட்டியிலும் யாரும் தொடாத அந்த இரண்டு முனைத் துண்டுகள்! அதில் பாதியை உதிர்த்துக் கெட்டியில் பிசைந்தாள். உருண்டை நின்றது. தட்டினாள், மேலேயும் ரொட்டித்தூளில் புரட்டினாள், தட்டில் அடுக்கினாள்.

முட்டையும் பாலும் வந்து சேர்ந்தன. மீதி ரொட்டி ஓரத்தைப் பாலில் நனைத்து, முட்டை அடித்து ஊற்றி, சர்க்கரை போட்டு, ஆப்பிளைச் சுருக்கம் தெரியாமல் மெலிசாகச் சீவி மேலே பரப்பினாள். ஓவனை அவள் ஒன்றுக்காக மட்டும் மூட்டியதாகச் சரித்திரம் கிடையாது. மேல் தட்டில் கட்லெட், கீழ் தட்டில் இனிப்பு, இரண்டும் ஒரே சூட்டில் உள்ளே போயின.

பிறகு அவள் செய்த காரியங்களைப் பார்த்து வாயாடியே வாயடைத்துப்போனாள். ஹாலில் ஹீட்டரைப் போட்டாள்! வெந்நீர் சுவிட்சையும் போட்டாள், முழு டேங்குக்கும்! டப்பாக் கோபுரத்தை அள்ளிக்கொண்டு போய்ப் படுக்கையறை அலமாரியில் திணித்துக் கதவை முட்டியால் அழுத்திச் சாத்தினாள்.

"அம்மா, உனக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?"

"வாயை மூடு. இங்க பாரு, இன்னைக்கு இந்த வீட்டுல அந்தப் பேச்சே எடுக்கக் கூடாது. டப்பா கிடையாது. மிச்சம் கிடையாது. விருந்தாளின்னு ஒரு வார்த்தை உன் வாயில இருந்து வந்துச்சு, தொலைச்சிடுவேன். தலையில அடிச்சு சத்தியம் பண்ணு!"

வாயாடி சத்தியம் பண்ணினாள். பாவம், அவளும் எவ்வளவு நேரம்தான் தாங்குவாள்!

வாசலில் மணி அடித்தது. தங்கை நின்றாள். முகம் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தது, கண் மட்டும் அதே கண். இடுப்பில் பெண் குழந்தை, பக்கத்தில் பையன், பின்னால் பெரிய சிரிப்போடு அவள் புருஷன். அவனுக்குப் பல் டாக்டர் வேலை, அதனால்தானோ என்னவோ பல் முழுக்கத் தெரியச் சிரிப்பான். டப்பாக்கா கட்டிப்பிடிக்கக் கை நீட்டினாள். தங்கை குழந்தையை நடுவில் நீட்டினாள்.

"நல்லா இருக்கியாக்கா? ரொம்ப நேரம் இருக்க முடியாது. சாப்பிட்டதும் கிளம்பணும்."

"அதுக்கென்ன, அதுக்கென்ன, உள்ள வா!"

தங்கை ஹாலில் கோட்டைக்கூடக் கழற்றாமல் சோபா நுனியில் உட்கார்ந்தாள். ரயில் எப்படி இருந்தது என்று கேட்டால் நல்லா இருந்தது என்றாள். குளிர் எப்படி என்று கேட்டால் குளிராக இருக்கிறது என்றாள். அதற்கு மேல் பேச்சு நகரவில்லை. நல்லவேளை, பையன் இதற்குள் வீடு முழுக்க ஒரு சுற்று போய்விட்டு வந்தான்.

"அம்மா! சமையல் ரூம்ல பஸ் இருக்கு!"

அவனை அந்த சீட்டிலிருந்து யாரும் பிரிக்க முடியவில்லை. ஜன்னல் சீட்டை வாயாடி பெருந்தன்மையோடு விட்டுக்கொடுத்தாள். அவனைத் தேடிப் பல் டாக்டர் வந்தான், குழந்தை கைநீட்டி அழுததால் தங்கையும் வந்தாள். கடைசியில் எல்லாரும் சமையலறையிலேயே நெருக்கியடித்து உட்கார்ந்துவிட்டார்கள். ஹால் ஹீட்டர் யாருக்காகவோ எரிந்துகொண்டிருந்தது. டப்பாக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அதை மறக்கப் பார்த்தாள்.

சூப் வந்தது. பல் டாக்டர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடினான். "அண்ணி, இது என்ன சூப்?"

"அது... கலவை சூப்" என்றாள் டப்பாக்கா.

கட்லெட் மொறுமொறுவென்று வந்தது. பையன் இரண்டு கையிலும் ஒவ்வொன்றை எடுத்துக்கொண்டான். இனிப்பை ஓவனிலிருந்து எடுத்தபோது ஆப்பிள் வாசனை அறையையே தூக்கியது. தங்கை சூப்பை இரண்டாம் தடவை தானே ஊற்றிக்கொண்டாள். அதை ஓரக்கண்ணால் பார்த்த டப்பாக்காவின் மனசு குதியாட்டம் போட்டது. சின்ன வயதிலும் இவள் கேட்க மாட்டாள், தானாக ஊற்றிக்கொள்வாள்!

"திடீர்னு சொல்லியும் நாலு பேருக்கு இவ்வளவு சமைச்சிருக்கீங்களே அண்ணி. உங்களுக்குத்தான் சிரமம்" என்றான் பல் டாக்டர்.

"நாலு பேர்னு நான் மத்தியானமே தெளிவாச் சொல்லிட்டேனே!" என்று டிரைவர் ஆரம்பித்தார். சொல்லும்போதே அவருக்கு ஃப்ரிட்ஜ் ஞாபகம் வந்துவிட்டது. உதட்டைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார். அவளைப் பார்த்திருக்கக் கூடாது. வாயாடி கையால் வாயைப் பொத்தினாள், முகம் சிவந்தது, மூக்கு வழியாக ஒரு சத்தம் வந்தது, அவ்வளவுதான், இரண்டு பேரும் குலுங்கிக் குலுங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்கள்.

தங்கை கரண்டியைக் கீழே வைத்தாள். "என்ன சிரிப்பு? சொன்னா நாங்களும் சிரிப்போம்ல."

"ஒண்ணுமில்லம்மா" என்றார் டிரைவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணுமில்லாததுக்கா?" அவள் முகம் சில்லிட்டுப்போயிருந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். "கிளம்பலாங்க. சாப்பிட்டாச்சு. இவங்களுக்கு எதுக்கு இடைஞ்சல்?"

டப்பாக்கா கதவை மறித்துக்கொண்டு நின்றாள். அவளுக்குப் புரிந்துவிட்டது. மறைத்தாலும் போகிறாள், சொன்னாலும் போகத்தான் போகிறாள். பொய்யோடு போவதைவிட உண்மையோடு போகட்டும்.

"இருடி. நானே சொல்லிடறேன்." மூச்சை இழுத்துக்கொண்டாள். "நீ சாப்பிட்டது எல்லாமே மிச்சம். அந்த சூப்பு, அந்த கட்லெட்டு, ரொட்டியோட ஓரம் முதக்கொண்டு. நீ வர்றது எனக்குத் தெரியாது. இவர் விருந்தாளி நாலு பேர்னு சொன்னாரு. எங்க வீட்டுல மிச்சத்தை விருந்தாளின்னுதான் சொல்லுவோம். ஃப்ரிட்ஜுல நாலு டப்பா இருந்துச்சு. அதுங்களைத்தான் சொல்றாருன்னு நெனச்சு எல்லாத்தையும் ஒரே சட்டியில கவுத்துட்டேன். அதைத்தான் நினைச்சுச் சிரிக்கிறாங்க, உன்னை இல்ல. நான் கஞ்சம்தான்டி. வச்சுக்கோ. ஆனா உன்னை நினைக்காத நாள் கிடையாது."

பல் டாக்டர் சிரித்தான். தங்கை சிரிக்கவில்லை. அவள் அக்காவையே வெறித்துப் பார்த்தாள்.

"என்ன சொன்னே? மிச்சத்தை என்னன்னு சொல்லுவீங்க?"

"விருந்தாளின்னு."

"எப்போ இருந்து?"

"இவ மழலை பேசுற காலத்துல இருந்து. ஏன்டி?"

தங்கை மறுபடி சீட்டில் உட்கார்ந்துவிட்டாள். "அன்னைக்கு சாயங்காலம் குளிச்சுட்டு, காபி கப்பைக் கழுவி வைக்கலாம்னு வந்தேன். இந்தக் கதவு சாத்தியிருந்துச்சு. உள்ள மாமா கேக்கிறார், 'இந்த விருந்தாளி இன்னும் எத்தனை நாளைக்கு? மூணு நாள் ஆச்சே'ன்னு. அதுக்கு நீ சொன்னே, 'இன்னைக்கு ஒரு வழி பண்ணிடறேன், இல்லேன்னா காலையில வெளியே தூக்கிப் போட்டுட வேண்டியதுதான்'னு. நான் வந்தும் சரியா மூணு நாள் ஆயிருந்துச்சுக்கா."

டிரைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். டப்பாக்கா கண்ணை இடுக்கிக்கொண்டு ஆறு வருஷத்துக்கு முந்தின ஃப்ரிட்ஜுக்குள் எட்டிப் பார்த்தாள். மேல் தட்டு. இடது பக்கம். நீல மூடி.

"முட்டைக்கோஸ்!" என்று அலறினாள். "அது முட்டைக்கோஸ்டி! நீ வர்றேன்னு நிறைய வதக்கினேன், நீ தொடவே இல்ல, மூணு நாளா கிடந்துச்சு! ஐயோ, உன்னையா சொல்லுவேன்? உன்னையாடி வெளியே போடுவேன்?"

"எனக்கு முட்டைக்கோஸ் பிடிக்காதுன்னு உனக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுத் தங்கை ஓவென்று அழுதாள். அழுதுகொண்டே சிரித்தாள். அக்காவின் தோளில் இரண்டு கையாலும் மாற்றி மாற்றிக் குத்தினாள். "ஒரு முட்டைக்கோஸுக்காகவா ஆறு வருஷம் உன்னைப் பார்க்காம இருந்தேன்!"

"நீ வந்து சட்டையைப் பிடிச்சுக் கேட்டிருக்கலாம்ல?"

"போன்னு சொன்ன வீட்டுல நின்னு எப்படிக்கா கேப்பேன்? நீயாவது ஏன்டி போறேன்னு கேட்டிருக்கலாம்ல?"

"நான் வெந்நீர்னு நினைச்சேன்டி."

"எந்த வெந்நீர்?"

"அன்னைக்கு நீ குளிக்கிறப்போ கதவைத் தட்டிப் போதும்னு கத்தினேனே. அதுலதான் உனக்கு ரோஷம் வந்துருச்சுன்னு..."

தங்கை மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "லூசாக்கா நீ? நான் பாவாடை கட்டின காலத்துல இருந்து நீ தட்டுறதுதானே அது. எங்க வீட்டுல இப்ப யாருமே தட்டுறதில்ல. தண்ணி ஆறிப்போற வரைக்கும் நின்னுட்டு வரேன்."

டப்பாக்காவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. தங்கையை, அவள் இடுப்புக் குழந்தையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். நடுவில் நசுங்கிய குழந்தை பெரியம்மாவின் மூக்கைப் பிடித்து இழுத்தது. டிரைவர் மட்டும், "வெளியாள் காதுல விழுந்தா கௌரவமா இருக்கும்னு நான்தான் சொன்னேன், என்னைச் செருப்பால அடிங்க" என்று தனக்குத்தானே புலம்பிக்கொண்டிருந்தார். பையன் சந்தடி சாக்கில் கடைசிக் கட்லெட்டையும் முடித்துவிட்டான்.

கொஞ்ச நேரம் கழித்துப் பல் டாக்டர் தயங்கித் தயங்கி, "அந்த ரூம்..." என்று இழுத்தான்.

தங்கை அக்கா பக்கம் திரும்பினாள். "அக்கா, இந்த வீட்டுல விருந்தாளிக்கு மூணு நாள்தானே கணக்கு?" என்று கேட்டாள்.

"விருந்துக்கும் மருந்துக்கும்தான்டி மூணு நாள். கூடப்பிறந்தவளுக்கு ஏது கணக்கு?"

"அப்போ ரூம் வேண்டாம்னு சொல்லிடுங்க" என்று புருஷனிடம் சொல்லிவிட்டுத் தங்கை கோட்டைக் கழற்றினாள்.

வாயாடி ஓடிப்போய் அலமாரியைத் திறந்தாள். டப்பாக்கள் அருவி மாதிரிக் கொட்டின. அதற்குள்ளிருந்து ஸ்வெட்டரும் குல்லாவும் இருந்த டப்பாவைத் தேடி எடுத்துக்கொண்டு வந்தாள். குல்லா குழந்தைக்குக் கண்ணை மறைத்தது, ஸ்வெட்டர் பையனுக்குத் தொப்புள் வரைக்கும்தான் வந்தது. இரண்டு பேரும் கழற்ற மாட்டோம் என்று அடம்பிடித்தார்கள்.

டப்பாக்கா பாத்திரங்களைத் தொட்டியில் போட்டாள். ஹால் ஹீட்டரை டிரைவர் அணைத்தார். அவள் சொல்லாமலே அணைத்தார். ரயில் புழுதி போகக் குளிக்கிறேன் என்று தங்கை துண்டை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் பாட்டு ஆரம்பித்தது. வெந்நீர் கொட்டியது. கொட்டியது. கொட்டிக்கொண்டே இருந்தது. டப்பாக்கா சோப்புக் கையோடு நின்று கேட்டாள். கால் தானாக நகர்ந்தது. எல்லாரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நேரே போய்க் கதவைப் படபடவென்று தட்டினாள்.

"போதும்டி! மீதி வெந்நீர் பாத்திரம் கழுவ வேணும்!"

பாட்டு நின்றது. உள்ளே இருந்து சிரிப்பு வந்தது. "இதோ, இன்னும் ரெண்டே ரெண்டு மக்குக்கா!"